செல்ஃப் அடிக்கிறது, வண்டி எடுக்கவில்லை: ஃபியூயல் பம்ப்பைக் கழற்றும் முன்னும் பின்னும்

பெட்ரோல் கார் திடீரென்று ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால், பக்கத்தில் நிற்பவர் முதலில் சொல்வது "பம்ப் போயிருக்கும்" என்பதுதான். டேங்குக்குள் இருந்து என்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் மின் பம்ப்பைச் சொல்கிறார். பல நேரம் போயிருப்பது ஒரு ஃப்யூஸ், இல்லையென்றால் ரிலே என்ற மின் சுவிட்ச், இல்லையென்றால் பம்ப்பின் தலையில் மாட்டியிருக்கும் கப்ளரில், அதாவது வயர் இணைப்பானில், கருகிப்போன ஒரு பின். பம்ப்பைக் கழற்றுவது வீட்டிலேயே முடியக்கூடிய வேலைதான். ஆனால் அது பெட்ரோல் டேங்கைத் திறக்கிற வேலை. ஆகவே டேங்கைத் திறக்காமல் கண்டுபிடிக்க முடிந்ததையெல்லாம் முதலில் கண்டுபிடித்துவிட வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

எடுத்துக்காட்டாக ஹூண்டாய் ஐ10 காரை வைத்துக்கொள்கிறேன். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்பட்டு 2007-இல் வந்த வண்டி; இன்றும் நம் தெருக்களில் நிறைய ஓடுகிறது. அதில் பின் சீட்டின் உட்காரும் பகுதியைத் தூக்கினால் கீழே ஒரு சிறிய மூடி, மூடியைக் கழற்றினால் பம்ப்பின் தலை. சான்ட்ரோ ஜிங், ஐ20 ஆகியவற்றிலும் இதே அமைப்புதான். உங்கள் வண்டியில் அப்படி மூடி இல்லை, டேங்கையே இறக்கினால்தான் பம்ப் வரும் என்றால், அதை வீட்டில் செய்யாதீர்கள். ஜாக்கியில் நிற்கும் காரின் அடியில் படுத்துக்கொண்டு பெட்ரோல் டேங்கை இறக்குவது லிஃப்ட் இருக்கும் ஒர்க்ஷாப்பின் வேலை. டீசல் வண்டிக்கும் இந்தக் குறிப்பு பொருந்தாது.

அறிகுறி: செல்ஃப் நன்றாக அடிக்கிறது, பின்னாலிருந்து சத்தமே இல்லை

சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பின் சீட்டில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். நல்ல பம்ப் இரண்டு மூன்று நொடி "உய்ங்" என்று ஓடி நிற்கும். என்ஜின் ஓடத் தொடங்கும் முன் குழாயில் அழுத்தம் ஏற்றிவைக்க, என்ஜினை ஆளும் கணினியான ஈசியூ கொடுக்கும் நேரம் அது.

சத்தம் வரவில்லை என்றால், முதலில் ஃப்யூஸ். பானெட்டுக்குள் இருக்கும் ஃப்யூஸ் பெட்டியின் மூடிக்கு உட்புறம் எது எங்கே என்று படம் இருக்கும். ஃப்யூஸைப் பிடுங்கிக் கண்ணால் பார்ப்பதோடு விடாமல் மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில் மட்டும் மாற்றுங்கள். புதியதும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது பம்ப் இறுகி அதிகக் கரண்ட் இழுக்கிறது. பெரிய ஃப்யூஸ் போட்டு ஓட்டிப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. டேங்குக்குள் போகும் வயரில் அதைச் செய்யவே கூடாது.

அடுத்து ரிலே. அதே பெட்டியில் அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலே பெரும்பாலும் இருக்கும், ஹாரனுக்கோ வேறெதற்கோ. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சத்தம் வந்துவிட்டால் வேலை முடிந்தது.

இரண்டும் நன்றாக இருந்தால் பின் சீட்டைத் தூக்கி மூடியைக் கழற்றுங்கள். டேங்க் இன்னும் திறக்கப்படவில்லை. பெட்ரோல் வாசனை இருந்தால் இங்கேயே நிறுத்திவிட வேண்டும், மின்சாரச் சோதனை எதுவும் செய்யக் கூடாது. வாசனை இல்லையென்றால் கப்ளரைப் பிடுங்கி உள்ளே நன்றாகப் பாருங்கள். நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நல்ல கப்ளரின் பிளாஸ்டிக் ஒரே நிறமாக இருக்கும். கெட்டுப்போனதில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பு ஏறி, ஓரம் லேசாக உருகி உள்வாங்கியிருக்கும். அந்தப் பின் மங்கலாக, சில நேரம் நீலம் பூத்துத் தெரியும். தளர்ந்த பின் சூடாகிறது, சூட்டில் இன்னும் தளர்கிறது, இப்படியே போய் ஒருநாள் கரண்ட் நின்றுவிடுகிறது. இந்தக் கப்ளரை விட்டுவிட்டுப் புதுப் பம்ப் போட்டால் அந்தப் புதுப் பம்ப்பும் சில மாதத்தில் இதே கதிக்கு வரும். வயரோடு சேர்ந்த கப்ளர் தனியாகவே கிடைக்கிறது.

கரண்ட் வருகிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் மட்டும் போதாது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட்டையே இழுப்பதில்லை. இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்றை வயர் வைத்து, கப்ளரின் பாசிட்டிவ், எர்த் இரண்டிலும் முதலில் இறுக்கமாகச் செருகிவிட்டு, அப்புறம் ஒருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். பல்பு இரண்டு நொடி பளிச்சென்று எரிந்தால் வயரிங் நலம், பம்ப்தான் போயிருக்கிறது. மங்கலாக எரிந்தால் எர்த்தையும் வயரையும் பாருங்கள். எரியவே இல்லையென்றால் பம்ப்பைத் தொட வேண்டாம். குறை முன்பக்கம் இருக்கிறது. டேஷ்போர்டில் சாவி விளக்கு மினுக்கினால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை என்று பொருள். மாற்றுச் சாவி போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: சாவி போட்டால் பம்ப் ஓடுகிறது, ஆனாலும் எடுக்கவில்லை

இதில்தான் நல்ல பம்ப்புகள் வீணாகக் கழற்றப்படுகின்றன. பம்ப் முதல் இரண்டு நொடிக்குப் பிறகும் ஓட வேண்டுமானால், என்ஜின் சுற்றுகிறது என்ற தகவல், அந்தச் சுற்றை உணரும் கிராங்க் சென்சாரிலிருந்து ஈசியூவுக்குப் போக வேண்டும். அது போகவில்லையென்றால் பம்ப்பும் நிற்கும், ஸ்பார்க்கும் வராது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் சிறிதாவது அசைகிறதா என்று பாருங்கள். ஈசியூவில் உள்ளதைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவி இருந்தால் அதில் இன்னும் தெளிவாகத் தெரியும். எண் பூஜ்யத்திலேயே நின்றால் கிராங்க் சென்சாரைத் தேடுங்கள்.

ஆர்பிஎம் வருகிறது, ஸ்பார்க்கும் வருகிறது என்றால் அழுத்தம் அளக்க வேண்டும். டயரில் நாம் அடிப்பது 30 சொச்சம் பிஎஸ்ஐ. இத்தகைய வண்டிகளின் பெட்ரோல் குழாயில் பொதுவாக 45 முதல் 50 பிஎஸ்ஐ, அதாவது 3 முதல் 3.5 பார் வரை நிற்கும். சரியான எண் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அளக்கும் மீட்டரும் அதற்குரிய இணைப்பும் எல்லார் வீட்டிலும் இருக்காது. ஒரு மெக்கானிக்கை அழைத்து இதை மட்டும் அளந்து தரச் சொல்லுங்கள். பம்ப்பின் விலையோடு பார்த்தால் அந்தக் கூலி ஒன்றுமே இல்லை.

அறிகுறி: சூடானால் நிற்கிறது, அரை மணி கழித்து எடுக்கிறது

மே மாத மதியத்தில் சிக்னலில் நின்றுபோகும் வண்டிகளில் இது அதிகம். நின்றவுடனே, ஆறுவதற்குள், சாவி போட்டுப் பம்ப் சத்தத்தைக் கேளுங்கள். அந்த நேரத்துச் சோதனைக்குத்தான் மதிப்பு. வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு பார்த்தால் எல்லாமே ஒழுங்காகத் தெரியும். சத்தம் இல்லையென்றால் பம்ப் மோட்டாரின் பிரஷ் தேய்ந்திருக்கலாம். டேங்கின் அடியைக் கையால் தட்டும்போது ஓடத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், அது சாகப்போகிற பம்ப். சத்தம் இருக்கிறதென்றால் கிராங்க் சென்சாரோ இக்னிஷன் காயிலோ சூட்டில் விடுகிறது.

பம்ப்பைக் குளிரவைப்பது அதனூடே ஓடும் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிய எரிய 200 ரூபாய்க்குப் போட்டு ஓட்டினால், மேட்டிலும் வளைவிலும் பம்ப் காற்றை உறிஞ்சிக் காய்கிறது. சிஎன்ஜி போட்ட வண்டிகளில் பெட்ரோலைக் கிட்டத்தட்ட வற்றவிட்டுவிடுகிறார்கள். அவற்றிலும் கால் டேங்க் இருக்கட்டும்.

அறிகுறி: மேட்டில் புல்லிங் இல்லை

தட்டையான சாலையில் நன்றாக ஓடுகிறது, ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மட்டும் இருமுகிறது. முதலில் ஏர் ஃபில்டர், பிளக். அவை சரியென்றால் ஓபிடியில் ஃபியூயல் ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, பாருங்கள். ஐடிலில் சாதாரணமாக இருந்து, லோடில் மட்டும் பிளஸ் பக்கம் 10, 15 விழுக்காடு என்று ஏறினால் பெட்ரோல் போதவில்லை. ஐ10-இல் ஃபில்டர் பம்ப்போடு சேர்ந்தே டேங்குக்குள் இருக்கிறது. அது அடைத்தாலும் இதே அறிகுறிதான். ஆகவே இங்கே டேங்கைத் திறப்பதில் நியாயம் உண்டு.

அறிகுறி: காலையில் மட்டும் நீளமாக செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது

சாவியை ஆன் செய்து, இரண்டு நொடி விட்டு, ஆஃப் செய்து, இப்படி மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். உடனே எடுத்தால் இரவில் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்ப்பில் இருக்கும் ஒருவழி வால்வு, பிரஷர் ரெகுலேட்டர், கசியும் இன்ஜெக்டர் ஆகியவற்றில் ஒன்று. எங்கும் வாசனையோ கசிவோ இல்லையென்றால் அவசரம் இல்லை. அந்த மூன்று முறைச் சாவியோடு பல மாதம் ஓட்டலாம்.

அறிகுறி: பெட்ரோல் முள் பொய் சொல்கிறது

வண்டி நன்றாக ஓடுகிறது, முள் மட்டும் துள்ளுகிறது என்றால் பம்ப்பில் குறை இல்லை. மிதவையோடு சேர்ந்த சென்சார்தான். பல வண்டிகளுக்கு அது தனியாகக் கிடைக்கும். முழு செட்டையும் மாற்றச் சொன்னால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அறிகுறி: வெள்ளத்துக்குப் பிறகு எடுக்கவில்லை

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. டேங்கில் தண்ணீர் புகுந்திருந்தால் அது அடியில் தங்கும். பம்ப்பின் சல்லடையும் அங்கேதான் இருக்கிறது. இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருப்பதால் கொஞ்சம் தண்ணீர் அதில் கரைந்துவிடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து கீழே இறங்கும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காக நின்றால் டேங்க் முழுவதையும் வடித்தாக வேண்டும். அதுவரை செல்ஃப் அடிக்கவே கூடாது.

கழற்றத்தான் வேண்டும் என்று முடிவானால்

பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 விழுக்காடு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். நம் வீட்டு போர்டிகோக்களில் தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வர்ட்டர், வாசல் மாடத்து விளக்கு, சில நேரம் பழைய ஃபிரிட்ஜ் எல்லாமே காருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மோட்டார் தானாக ஆன் ஆகும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இவற்றில் மிக மோசமானது; மேல்தொட்டி காலியானதும் அது யாரையும் கேட்காமல் ஒரு பொறியைத் தெறிக்கவிடும். ஆகவே காரைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்து வையுங்கள். அடுக்குமாடியின் தரைத்தள பார்க்கிங்கில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில், காருக்கு வெளியே இருக்கட்டும். ஒரு வாளி உலர் மணலும் நல்லது. நைலான், பாலியஸ்டர் போடாமல் பருத்திச் சட்டை போடுங்கள். டேங்கைத் தொடும் முன் காரின் வெற்று இரும்பைத் தொட்டு உடம்பின் மின்னைக் கடத்திவிடுங்கள். வயர் வைத்த கைவிளக்கு வேண்டாம். பகல் வெளிச்சமே போதும். தனியாக வேலை செய்யாதீர்கள்.

டேங்கில் கால் பங்குக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வடிக்க வேண்டியிருந்தால் கை பம்ப் வாங்குங்கள். வாயில் குழாய் வைத்து உறிஞ்சும் பழக்கத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். ஒரு வாய் தவறி நுரையீரலுக்குள் போனால் கடுமையான நுரையீரல் அழற்சி வரும். தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது, நேரே மருத்துவமனைதான். வடித்த பெட்ரோல் மூடியுள்ள உலோகக் கேனில் போகட்டும், தண்ணீர் பாட்டிலில் வேண்டாம். 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டமும் விற்பனைக்கு அல்லாத 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள அனுமதிக்கும்போது, கண்ணாடி, பீங்கான், உலோகக் கலன்களைத்தான் சொல்கிறது.

வரிசை இதுதான். பின் சீட்டைத் தூக்குங்கள், மூடியைக் கழற்றுங்கள். பம்ப்பின் தலையைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மண் இருக்கும். பிரஷ்ஷாலும் ஈரத் துணியாலும் ஒரு துகள் இல்லாமல் எடுங்கள். வேக்குவம் கிளீனர் மோட்டாரில் பொறி உண்டு, அது வேண்டாம். எந்தக் குழாய் எங்கே, பம்ப்பின் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று இப்போதே போனில் படம் எடுத்துவிட்டுப் போனைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

என்ஜின் ஓடுமானால், ஓடும்போதே கப்ளரைப் பிடுங்குங்கள். குழாயில் உள்ளதைக் குடித்துவிட்டுத் தானாக நிற்கும். இன்னொரு முறை சில நொடி செல்ஃப் அடித்துவிட்டு, சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸைக் கழற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். பெட்ரோல் மூடியைத் திறந்து டேங்கின் ஆவி அழுத்தத்தை விடுங்கள். என்ஜின் ஓடாத நிலையில் குழாயில் கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்கலாம். பனியன் வேஸ்ட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, குழாயை மெதுவாகக் கழற்றுங்கள்.

குழாயின் கிளிப் வரவில்லையென்றால் இழுக்காதீர்கள். முதலில் பம்ப் பக்கம் உள்ளே அழுத்தி, பிறகு இரு பக்கக் காதுகளையும் அமுக்கி, லேசாகத் திருகிக்கொண்டே வெளியே எடுங்கள். பத்து வருட வெயில் பார்த்த பிளாஸ்டிக் காது ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் முறிந்துவிடும். அதோடு வேலை அன்றைக்கு நின்றுவிடும்.

சில வண்டிகளில் தலையைச் சுற்றிச் சின்ன போல்ட்டுகள், சிலவற்றில் பெரிய வளையம். போல்ட் என்றால் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். வளையம் என்றால் அதற்குரிய கருவி வாங்குங்கள். இல்லையென்றால் மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். இரும்பு உளியும் சுத்தியலும் இங்கே ஆகாது.

பம்ப்பை நேராகத் தூக்கினால் மிதவையின் கம்பி டேங்கின் விளிம்பில் மாட்டும். கொஞ்சம் தூக்கி, உள்ளே இருக்கும் பெட்ரோல் வடியும் வரை பிடித்துக்கொண்டு, மிதவை இருக்கும் பக்கம் சாய்த்து எடுங்கள். கம்பி வளைந்தால் முள் இனி சரியாகக் காட்டாது. ஓட்டையை உடனே சுத்தமான துணியால் மூடுங்கள். எடுத்த பம்ப்பை பேட்டரியில் வைத்து ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். மோட்டாருக்குள் பிரஷ் பொறி விடுகிறது, சுற்றிலும் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. அதைச் செய்யக் கூடாது. கரண்ட் வருகிறதா என்ற சோதனையைக் கழற்றும் முன்பே பல்பு வைத்துச் செய்தாகிவிட்டது.

சல்லடையைப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் துரு. கரும் பிசுறு உள்குழாய் கரைந்தது. டேங்கைச் சுத்தம் செய்யாமல் புதுப் பம்ப்பை அதில் இறக்குவது பணத்தை அதில் இறக்குவது மாதிரிதான்.

முழு செட் வாங்குவதா, மோட்டார் மட்டுமா? மோட்டார் மட்டும் என்றால் மிச்சம் நிறைய. ஆனால் உள்ளே வரும் குழாய் பெட்ரோலில் மூழ்கியே இருக்கும். வெளியே போடும் சாதாரண பெட்ரோல் ஹோஸ் அங்கே ஊறிக் கரைந்துவிடும். ஜே30ஆர்10 என்று அச்சிட்ட, மூழ்கும் தரத்து ஹோஸ்தான் வேண்டும். அது கிடைக்கவில்லையென்றால் முழு செட்டே மேல். சென்னை ஜிபி ரோட்டு உதிரிபாகக் கடைகளில் தேடுபவர்கள் பழைய பம்ப்பின் பார்ட் எண்ணைக் கொண்டுபோங்கள். மாடல் பெயரை மட்டும் சொன்னால் வேறு வருடத்துப் பம்ப் கைக்கு வரும்.

மாட்டும்போது ரப்பர் சீல் கட்டாயம் புதியது. பழையது பெட்ரோலில் ஊறி உப்பிவிடுவதால் காடியில் உட்காராது. சிலிகான் பேஸ்ட் தடவி அடைக்க நினைக்காதீர்கள், பெட்ரோல் அதைத் தின்றுவிடும்.

மாட்டிய பிறகு வரும் அறிகுறிகள்

சீட்டைப் போடும் முன், பேட்டரியை மாட்டி, சாவியை மூன்று நான்கு முறை ஆன் ஆஃப் செய்து, குழாய் இணைப்பைச் சுற்றி உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கிளிப் முழுதாக உட்காரவில்லை. மீண்டும் அழுத்தத்தை இறக்கி, "க்ளிக்" சத்தம் வரும் வரை அழுத்துங்கள்.

பம்ப் ஓடுகிறது, என்ஜின் எடுக்கவில்லை என்றால் அனுப்பும் குழாயும் வேறொரு குழாயும் மாறியிருக்கலாம். எடுத்த படத்தைப் பாருங்கள். முள் மேலே ஏறவில்லை என்றால் மிதவை எங்கோ மாட்டியிருக்கிறது, தலை சற்றுத் திரும்பி உட்கார்ந்திருக்கலாம். புதுப் பம்ப் முதல் நாளிலிருந்தே ஊளையிட்டால் சல்லடை மடிந்து உறிஞ்ச முடியாமல் தவிக்கிறது, அல்லது கையில் கிடைத்தது டூப்ளிகேட்.

கடைசியாக ஒன்று. கால் டேங்கில் சீல் கசிவு தெரியவே தெரியாது, ஏனென்றால் பெட்ரோல் அந்த உயரத்துக்கு வருவதில்லை. அடுத்த முறை டேங்க் நிரப்பியவுடன், பங்க்கை விட்டு வெளியே வந்து ஓரமாக நிறுத்தி, பின் சீட்டைத் தூக்கி மூடியைச் சுற்றி முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள், எல்லாரையும் இறக்கித் தள்ளி நிற்கவையுங்கள், வண்டியைத் திறந்த வெளிக்கு இழுத்துக்கொண்டு போகச் செய்து, பெட்ரோலைக் கால் பங்குக்கு வடித்துவிட்டு சீலை மறுபடி போடுங்கள்.